கண்ணாடிக்கடைக்கு வரும் அவசரக் கண்: கம்பம், குமுளி பக்கத்து ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு முழுமையான வழிகாட்டி

கம்பம், கூடலூர், தேவாரம், போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் மலை இறங்குகிறார்கள். காலை பத்து மணிக்குக் கண்ணில் அடித்த குச்சி நம் கடை வாசலுக்கு வரும்போது மணி ஆறரை ஆகிவிடும். அந்த நேரத்தில் கண் டாக்டரின் கிளினிக் பெரும்பாலும் பூட்டியிருக்கும். விளக்கு எரிவது மருந்துக்கடையிலும் கண்ணாடிக்கடையிலும்தான்.

மருந்துக்கடைக்குப் போகிறவர் ஒரு சொட்டு மருந்தோடு வீடு திரும்புவார். நம்மிடம் வருகிறவருக்கு ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில்) கண் பார்க்கப்படும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதும்) மையம் நடத்துகிற ஒவ்வொருவரும் அவசரக் கண்ணைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். புதிதாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு நோயின் பெயரெல்லாம் தெரிகிறது. எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. நம் வேலை எதுவரை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் வேலை மூன்று: ஆளைப் பிரிப்பது, தாமதிக்க முடியாத முதலுதவியைச் செய்வது, சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் கடிதத்தோடு அனுப்புவது. ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு சொட்டு எழுதிக் கொடுப்பதும், கருவிழியில் ஒட்டிய துகளை ஊசியால் எடுப்பதும் கண் டாக்டரின் வேலை.

2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் வருகிறார்கள். அது மத்தியச் சட்டம் என்பதால் தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் கடை வைத்திருந்தாலும் அந்தப் பக்கம் வைத்திருந்தாலும் பொருந்தும்.

நம் வேலை எதுவரை என்பது தெளிவாக இருந்தால் கை வேகமாக வேலை செய்யும். "நாமே எடுத்துவிடலாமா, பார்த்துவிடலாமா" என்று யோசிக்கிற கால் மணி நேரம்தான் கண்ணுக்கு ஆபத்து.

2. ஆள் வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு தட்டில் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். வேறு வேலைக்கு அந்தத் தட்டை யாரும் தொடக் கூடாது.

- நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் 500 மில்லி பாட்டில், குறைந்தது நான்கு. கூடவே இரண்டு டிரிப் செட். பாட்டில் இருந்து டிரிப் செட் இல்லாமல் போவது நிறைய இடத்தில் நடக்கிறது.
- பி.எச். பட்டை (கார, அமில அளவு காட்டுவது), ஃப்ளோரசின் பட்டை (கீறலைப் பச்சையாகக் காட்டும் சாயம்), பஞ்சுக் குச்சி, கையுறை.
- கண்ணை அழுத்தாமல் மூடும் கெட்டியான கவசம். அது தீர்ந்துவிட்டால் காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.
- பின்ஹோல் (சிறு துளையிட்ட தகடு), பேனா டார்ச், நீல ஒளி. தமிழ், மலையாளம், ஆங்கில எழுத்து அட்டைகளோடு எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'E' பல பக்கம் திரும்பி நிற்கும் அட்டை.
- மரத்துப்போகச் செய்யும் சொட்டு. பரிசோதனைக்கும் கழுவுவதற்கும் மட்டும்தான் இது. பாட்டிலை நோயாளியின் கையில் கொடுக்கவே கூடாது. வலி தெரியாமல் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டால் கருவிழி ஆறாது, கரைந்தும் போகலாம்.

இவற்றோடு சுவரில் ஒரு தாள்: எந்த மருத்துவமனையில் இரவில் கண் டாக்டர் இருப்பார், போன் எண், தேனிக்கும் மதுரைக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. மாதத்துக்கு ஒரு தடவை அந்த எண்களைக் கூப்பிட்டுச் சரிபாருங்கள். எண் மாறியிருப்பது ராத்திரி எட்டு மணிக்குத் தெரிய வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

3. போன் எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள்

பாதிப் பேர் நேரில் வருமுன் போன் செய்வார்கள். எடுப்பது பெரும்பாலும் பிரேம் விற்கிற தம்பியோ தங்கையோதான். அவர்களுக்கு ஐந்தே கேள்விகள் போதும். மலையாளத்திலும் எழுதி வையுங்கள். குமுளி, கம்பம்மெட்டுப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவர் பதற்றத்தில் தமிழில் தேட மாட்டார்.

கண்ணில் ஏதாவது பட்டதா, என்ன பட்டது? எத்தனை மணிக்கு? பார்வை குறைந்திருக்கிறதா? வலி இருக்கிறதா, வாந்தி வருகிறதா? கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா?

முதல் கேள்விக்கே சுண்ணாம்பு, பூச்சிமருந்து, ஆசிட் என்று பதில் வந்தால் மற்ற நான்கும் தேவையில்லை. "அண்ணே, வண்டிய எடுக்காதீங்க. எந்தத் தண்ணியா இருந்தாலும் சரி, கண்ணைத் திறந்து வச்சு அரை மணி நேரம் ஊத்திக்கிட்டே இருங்க, அப்புறம் கிளம்புங்க" என்று சொல்ல வேண்டும். "சீக்கிரம் வாங்க" என்று சொல்வதுதான் வழக்கமான தவறு. வண்டன்மேட்டிலிருந்து மலை இறங்கி வருகிற நேரம் முழுக்கச் சுண்ணாம்பு கருவிழிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். தோட்டத்து டிரம்மில் இருக்கிற தண்ணீர் மருத்துவமனைத் தண்ணீர் அல்லதான். ஆனாலும் பக்கத்தில் அதுதான் இருக்கிறது என்றால் அதையே ஊற்றச் சொல்லுங்கள். மருந்து கலக்கிய டிரம்மாக மட்டும் இருக்கக் கூடாது.

ஜீப் ஓட்டுகிறவர்களுக்கும் கங்காணிகளுக்கும் இந்த ஒரு விஷயத்தையாவது முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நம் கடையில் நாம் செய்யக்கூடிய எதையும்விட அது அதிகக் கண்ணைக் காப்பாற்றும்.

4. ரசாயனம் பட்ட கண்: முதலில் தண்ணீர்

இந்த ஒன்றில் மட்டும் பார்வை அளப்பதற்கு முன்பே கை வேலையைத் தொடங்க வேண்டும். பெயர், வயது, பில் எல்லாம் அப்புறம்.

நம் பக்கத்தில் அதிகம் வருவது காரம்: வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு, சிமென்ட், குழந்தைகள் பிதுக்கி விளையாடுகிற வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட், திராட்சைக்கும் ஏலத்துக்கும் அடிக்கிற போர்டோ கலவை. போர்டோவில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தே இருக்கின்றன. ஆசிட் பட்டால் மேல்பரப்பில் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் அப்படி நிற்பதில்லை, திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். அதனால்தான் சுண்ணாம்புக்கு நிமிடக் கணக்கு.

செய்ய வேண்டிய வரிசை:

முகத்திலும் இமையிலும் ஒட்டிய உலர்ந்த தூளை முதலில் தட்டித் துடைத்துவிடுங்கள். தண்ணீர் பட்டதும் அது கரைந்து கண்ணுக்குள்ளேயே போகும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆளைப் படுக்கவைத்து, அடிபட்ட கண் பக்கமாகத் தலையைச் சாய்க்கவும். ஓடுகிற தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது. மரப்புச் சொட்டு ஒன்று விடுங்கள். அது இல்லாமல் யாராலும் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது.

டிரிப் செட்டை முழுசாகத் திறந்து, மூக்கோரத்திலிருந்து காதோரமாக ஓடும்படி விடுங்கள். மேலே, கீழே, இடது, வலது என்று பார்க்கச் சொல்லிக்கொண்டே இருங்கள். நேராகவே பார்த்துக்கொண்டிருந்தால் இமைக்குள் இருக்கிற மடிப்பில் தண்ணீர் போகாது.

இடையில் நிறுத்தி மேல் இமையைப் புரட்டுங்கள். நனைத்த பஞ்சுக் குச்சியால் மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் துடையுங்கள். இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு அரிசி அளவு சுண்ணாம்புக் கட்டி மேல் இமைக்குள் இருந்தால், நீங்கள் எத்தனை பாட்டில் விட்டாலும் அது புதிதாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

காரத்துக்குக் குறைந்தது 30 நிமிடம். நிறுத்திய பின் ஐந்து நிமிடம் பொறுத்து, கீழ் இமை மடிப்பில் பி.எச். பட்டையைத் தொடுங்கள். உடனே பார்த்தால் சலைனின் அளவுதான் காட்டும். 7 முதல் 7.5க்குள் வந்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் அடிபடாத கண்ணையும் அளந்து ஒப்பிடுங்கள். வரவில்லை என்றால் மறுபடி கழுவுங்கள்.

இதற்குப் பிறகுதான் பார்வை அளப்பதும் ஸ்லிட் லேம்பும். இங்கே ஒரு எச்சரிக்கை: கண் சிவப்பாக இல்லாமல் கருவிழியைச் சுற்றி வெளுத்துப் போயிருந்தால் நிம்மதி அடையாதீர்கள். அங்கே ரத்தக் குழாய்களே கருகியிருக்கின்றன என்று அர்த்தம். சிவந்த கண்ணைவிட அது மோசம். கருவிழி மங்கி, உள்ளே கண்மணி தெளிவாகத் தெரியவில்லை என்றாலும் அப்படியே. இருவரையும் அன்று இரவே அனுப்ப வேண்டும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர் விட்டுக் காரத்தை "முறிக்க" யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. அந்த வினையில் சூடு வரும், இன்னொரு ரசாயனமும் கண்ணில் சேரும்.

பூச்சிமருந்து பட்டவராக இருந்தால் கண்ணோடு ஆளையும் பாருங்கள். இரண்டு கண்மணியும் ஊசிமுனை போலச் சுருங்கி, வியர்த்து, எச்சில் ஊறி, வாந்தி எடுத்தால் விஷம் உடம்பில் ஏறியிருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, 108ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவையும் கூடவே அனுப்புங்கள்.

5. மற்ற எல்லாருக்கும் பார்வை அளவுதான் முதல் வேலை

ஒவ்வொரு கண்ணாக, இருக்கிற கண்ணாடியோடு, பின்ஹோலோடு அளந்து எழுதுங்கள். வலியில் கண்ணைத் திறக்க முடியாதவர் என்றாலும் விரலை எண்ணுகிறாரா, கை அசைவது தெரிகிறதா, வெளிச்சம் தெரிகிறதா என்றாவது எழுதியே ஆக வேண்டும்.

காரணம் இரண்டு. மருத்துவமனையில் நாளை பார்க்கும்போது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட இந்த எண் ஒன்றுதான் இருக்கும். இன்னொன்று, தோட்டத்தில் வேலை நேரத்தில் பட்ட காயம், அடிதடி என்றால் நஷ்டஈட்டுக்கும் வழக்குக்கும் முதல் பதிவு இதுவாகத்தான் இருக்கும். நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பின்ஹோலில் பார்வை கூடினால் பவர் கோளாறு இருக்கிறது. கூடவில்லை என்றால் கண்ணுக்குள்ளே ஏதோ நடந்திருக்கிறது. "நேத்து நல்லா தெரிஞ்சுது, இன்னிக்கு மங்கல்" என்று வருகிறவரை நேராக ரீஃப்ராக்ஷன் (பவர் அளக்கும்) நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணாடி எழுதுவதுதான் நம் தொழிலில் நடக்கும் பெரிய தவறு. திடீர் மங்கலுக்குக் கண்ணாடி மருந்தல்ல. சர்க்கரை ஏறி இறங்கினாலும் பவர் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைத்த பிறகுதான் அந்தக் கண்ணுக்கு அளவு பார்க்க வேண்டும்.

6. கண்மணி, பக்கப் பார்வை, அப்புறம் ஸ்லிட் லேம்ப்

வரிசை மாறினால் தகவல் போய்விடும். ஸ்லிட் லேம்ப் வெளிச்சம் அடித்த பிறகு பார்வை அளந்தால் குறைவாக வரும். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்ட பிறகு கண்மணிச் சோதனையே செய்ய முடியாது.

அறையை இருட்டாக்கி, தூரத்தில் பார்க்கச் சொல்லி, டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடியுங்கள். ஒளி வந்ததும் சுருங்க வேண்டிய கண்மணி விரிந்தால் அந்தப் பக்கத்து விழித்திரையிலோ நரம்பிலோ பெரிய பாதிப்பு இருக்கிறது. செலவில்லாத, அரை நிமிடச் சோதனை இது. விற்பனை நெரிசலில் அதிகமாக விடுபடுவதும் இதுதான்.

எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச்சொல்லி, நான்கு மூலையிலும் விரலைக் காட்டிக் கேளுங்கள். பிறகு கண் எல்லாப் பக்கமும் அசைகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஸ்லிட் லேம்ப், ஃப்ளோரசின், கடைசியில் கண் அழுத்தம். துளைத்த காயம் என்று சந்தேகம் இருந்தால் அழுத்தம் அளக்கவே கூடாது. கண்மணியை விரிப்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

7. இலை, குச்சி, உமி பட்ட கண்

நம் பகுதியின் அன்றாடப் பிரச்சினை இதுதான். ஏலத்தட்டைகளுக்கு இடையில் குனிந்து காய் எடுக்கும்போது இலை நுனி கீறும். கவாத்து வெட்டும்போது குச்சி தெறிக்கும். திராட்சைப் பந்தலுக்குக் கீழே தலையைத் தூக்கினால் கொடியோ கம்பியோ குத்தும். கூடலூர்ப் பக்க வயலில் நெல் உமி, கரும்புத் தோட்டத்தில் சோகை.

கீறல் சின்னதாக இருக்கும். ஆனால் இலையிலும் மண்ணிலும் பூஞ்சை இருக்கிறது, கீறல் வழியாக அது கருவிழிக்குள் போகும். மதுரை மாவட்டத்தில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. பணக்கார நாடுகளின் கணக்கைவிட இது பல மடங்கு அதிகம். தென்னிந்தியாவில் இந்தப் புண்களில் பெரிய பங்கு ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளால் வருகிறது. "கண்ணுல பூ விழுந்திருச்சு" என்று ஒற்றைக் கண்ணோடு வாழ்கிற முதியவர்கள் பலரின் கதை இப்படி ஒரு கீறலில்தான் தொடங்கியிருக்கும்.

ஃப்ளோரசின் வைத்து நீல ஒளியில் பாருங்கள். பச்சையாகத் தெரிகிற இடத்தை வட்டத்துக்குள் வரைந்து, அகலத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். மேல் இமையைப் புரட்டுங்கள். கருவிழியில் நெட்டுக்கோடாகப் பல கீறல் தெரிந்தால் இமைக்குள் துகள் ஒட்டியிருக்கிறது. நனைந்த பஞ்சுக் குச்சியால் அதை எடுத்துவிடலாம். கருவிழியிலேயே ஒட்டியிருந்தால் டாக்டருக்கு அனுப்புங்கள்.

பிறகு ஃப்ளோரசின் இல்லாத வெள்ளை ஒளியில் ஒருமுறை பாருங்கள். கீறலுக்கு அடியில் சாம்பல் வெள்ளையாக மங்கல் இருக்கிறதா? அதன் ஓரம் இறகு போலப் பிசிறாக இருக்கிறதா? பக்கத்தில் குட்டிப் புள்ளிகள் உண்டா? இருந்தால் அது கீறல் அல்ல, புண். அன்றே அனுப்புங்கள். நீங்களாக எந்தச் சொட்டும் தொடங்க வேண்டாம். அங்கே புண்ணைச் சுரண்டி ஸ்லைடில் வைத்துக் கிருமி எது என்று பார்ப்பார்கள், முன்பே மருந்து விட்டிருந்தால் கிருமி வளர்ப்புச் சோதனையில் சிக்காமல் போகலாம்.

மங்கல் இல்லாத வெறும் கீறல் என்றால் மறுநாள் காலையில் கண் டாக்டரிடம். இங்கேதான் ஆளைப் பிடித்து நிறுத்திப் பேச வேண்டும். மறுநாள் காலை வலி குறைந்திருக்கும், ஜீப்பும் வாசலில் நிற்கும், ஒரு நாள் கூலி போய்விடும். "அக்கா, வலி போனாலும் புண் போச்சுன்னு அர்த்தம் இல்ல. பூஞ்சை மெதுவாத்தான் வளரும், நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். நாளைக்கு ஒரு நாள் போய்க் காட்டிருங்க" என்று காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள். வெறுமனே "ஹாஸ்பிட்டல் போங்க" என்றால் போக மாட்டார்கள்.

செய்யக் கூடாதவை மூன்று, மூன்றும் இங்கே நடக்கின்றன. கண்ணைக் கட்டுப்போட்டு மூடக் கூடாது: கிருமிக்குச் சூடும் ஈரமும் கிடைக்கும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு கூடாது: சிவப்பும் வலியும் குறையும், பூஞ்சை உள்ளே பரவும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் விடுவதும், நாக்கால் தூசி எடுக்க ஆள் தேடிப் போவதும் கூடாது.

ஏற்கெனவே எதையாவது விட்டிருக்கிறாரா என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் மறைப்பார்கள். மருந்துக்கடைச் சொட்டு என்றால் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, பெயரைக் கடிதத்தில் எழுதுங்கள்.

8. துளைத்திருக்குமோ என்ற சந்தேகம்

பந்தல் கம்பி, கிரைண்டரிலிருந்து தெறித்த இரும்பு, சுத்தியலால் அடித்தபோது பறந்த துணுக்கு, முள். கண்மணி வட்டமாக இல்லாமல் கண்ணீர்த் துளி போல ஒரு பக்கம் இழுத்திருந்தாலோ, கருவிழியோரம் பழுப்பாக ஏதோ பிதுங்கியிருந்தாலோ, ஃப்ளோரசின் ஒரு புள்ளியிலிருந்து ஓடை போல வழிந்தாலோ கண் திறந்திருக்கிறது.

அங்கேயே நிறுத்துங்கள். இமையை அழுத்தாதீர்கள், சொட்டு வேண்டாம், களிம்பு வேண்டாம், குத்தி நிற்பதைப் பிடுங்க வேண்டாம். நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் தாங்கும்படி கவசத்தை ஒட்டுங்கள். பஞ்சு வைத்து இறுக்கக் கூடாது. இரவே அறுவைச் சிகிச்சை நடக்கலாம் என்பதால் சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். வீட்டார் அன்போடு டீ வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள்.

சுத்தியல், கிரைண்டர் என்று கதை வந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், பார்வை நன்றாக இருந்தாலும் அனுப்ப வேண்டும். வேகமாகப் பறந்த இரும்பு சிறு ஓட்டை போட்டு உள்ளே போய்விடும். அதைக் கடிதத்தில் "இரும்பு உள்ளே இருக்கலாம்" என்று தெளிவாக எழுதுங்கள். தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இரும்பு கண்ணுக்குள் நகரும்.

வெல்டிங் வெளிச்சம் பார்த்தவர் வேறு ரகம். பார்த்துச் சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில் இரண்டு கண்ணும் மணல் கொட்டியது போல எரியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். டாக்டரிடம் காட்டட்டும், மரப்புச் சொட்டு மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்.

9. வலியில்லாமல் போன பார்வை

வலி இல்லாததால் இவர்கள் அவசரப்பட மாட்டார்கள். நாம்தான் அவசரப்பட வேண்டும்.

ஒரு கண்ணில் திடீரென்று முழுக்க இருட்டு, கண்மணிச் சோதனையில் மாற்றம்: விழித்திரைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். இது கண்ணில் வந்த பக்கவாதம். கண் மருத்துவமனைக்கு மட்டும் அனுப்பினால் போதாது, பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். கடைசியாக நன்றாகத் தெரிந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான். சில நிமிடம் இருட்டாகித் திரும்பி வந்துவிட்டது என்றாலும் அதே வழிதான்.

மின்னல் வெட்டுவது போல ஒளி, புதிதாகக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது: விழித்திரை கிழிந்திருக்கலாம், விலகியிருக்கலாம். நடுப்பார்வை இன்னும் நன்றாக இருந்தால் "நல்லாத்தானே தெரியுது" என்று தள்ளிப்போடாதீர்கள். நடுப்பகுதி விலகும் முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பார்வை மிஞ்சும்.

இரட்டையாகத் தெரிகிறது, ஒரு இமை தொங்கிவிட்டது, அந்தக் கண்மணி பெரிதாக இருக்கிறது, தலைவலி: மூளை ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம். 108, நேராகப் பெரிய மருத்துவமனை.

10. சிவந்த கண்ணைப் பிரிப்பது

மெட்ராஸ் ஐ சீசனில் எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐயாகவே தெரியும். அதனால் ஒவ்வொருவரிடமும் ஐந்தையும் சரிபாருங்கள்: பார்வை குறைவு, உறுத்தல் அல்லாத நிஜமான வலி, வெளிச்சம் கூசுவது, கருவிழியில் வெள்ளை அல்லது பச்சை நிறம் பிடிப்பது, கண்மணி அளவில் வித்தியாசம். ஒன்று இருந்தாலும் அன்றே கண் டாக்டர். ஐந்தும் இல்லை, பீளையும் நீரும் மட்டும் என்றால் கை கழுவுவது, துண்டைத் தனியாக வைப்பது, மூன்று நாளில் குறையாவிட்டால் திரும்பி வருவது. இவர் போன பிறகு ஸ்லிட் லேம்பின் தாடை வைக்கும் இடம், டிரையல் ஃபிரேம், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் துடையுங்கள்.

கண் வலி, ஒரு பக்கத் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம், கருவிழி மங்கல், பாதி விரிந்து அசையாத கண்மணி என்று சேர்ந்து வந்தால் கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கிறது. வாந்தியை வைத்து வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பப்பட்டவர்களாக இருப்பார்கள். அழுத்தம் அளந்து, உடனே டாக்டரைப் போனில் பிடியுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குச் சிவப்பும் வலியும் வந்தால் லென்ஸைக் கழற்றவைத்து, லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கொடுத்தனுப்புங்கள். கிருமிச் சோதனைக்கு உதவும். பிறந்த குழந்தையின் கண்ணில் சீழ், காய்ச்சலோடு இமை வீங்கிக் கண் பிதுங்குவது, சர்க்கரை நோயாளியின் மூக்கோரம் கறுப்பது மூன்றும் அன்றே மருத்துவமனை. குழந்தையின் கண்மணி போட்டோவில் வெள்ளையாகத் தெரிகிறது என்று தாய் சொன்னால், அதை ஒருநாளும் அலட்சியம் செய்யாமல் அந்த வாரத்துக்குள் விழித்திரை மருத்துவரிடம் போகச் செய்யுங்கள். கண்ணுக்குள் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

11. எங்கே அனுப்புவது

கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். குமுளியிலிருந்து தேனி சுமார் 60, கோட்டயம் 110 வாக்கில். அதனால் எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கும் பல நேரம் தேனிதான் பக்கம். கண்ணுக்குத் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அதற்கு மேல் மதுரை. உயிருக்கும் மூளைக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எங்கே என்றாலும் போன் செய்து, டாக்டர் இருக்கிறார் என்று உறுதியான பிறகே வண்டி ஏற்றுங்கள்.

மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டிருக்கிறதா என்று ஜீப்காரர்களிடம் கேளுங்கள். குமுளிப் பாதை அடைத்தால் கம்பம்மெட்டுப் பாதை திறந்திருக்கலாம்.

பணம் என்கிற தடை நிஜமானது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, கேரளக்காரர் என்றால் காருண்யா அட்டை இருக்கிறதா என்று கேட்டு, ஆதாரோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை உண்டு. எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. ஹெல்மெட் கண்ணாடி உடைந்து முகத்தில் குத்திய கேரளப் பையனின் வீட்டாருக்கு இது தெரிந்திருக்காது.

12. கடிதம்

ஒரு பக்கம், ஆங்கிலத்தில். எல்லைக்கு இரு பக்கத்து டாக்டரும் படிக்க வேண்டும். எழுத வேண்டியவை: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, இரு கண் பார்வை, கண்மணி, கருவிழிப் படம், அழுத்தம் (அளந்திருந்தால்), நீங்கள் செய்தது, எவ்வளவு நேரம் கழுவினீர்கள், கடைசி பி.எச்., முன்பே விட்ட மருந்துகள், சர்க்கரை, ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம். நோயின் பெயர் உறுதியில்லை என்றால் எழுத வேண்டாம், பார்த்ததை எழுதினால் போதும்.

ஸ்லிட் லேம்பில் போனை வைத்து ஒரு படம் எடுத்து, நோயாளியின் சம்மதத்தோடு, நீங்கள் பேசிய டாக்டருக்கு அனுப்புங்கள். மறுநாள் புண் பெரிதானதா என்று ஒப்பிட உதவும்.

வீட்டாருக்குத் தனியாக ஒரு சீட்டு, அவர்கள் படிக்கிற மொழியில்: எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்குள், என்ன செய்யக் கூடாது. எழுத்துத் தெரியாதவர் என்றால் கூட வந்தவரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

13. மறுநாள் போன்

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பெயர், போன் எண், எங்கே அனுப்பினோம், போனாரா. மறுநாள் காலையில் கடை திறந்ததும் கூப்பிட வேண்டும். கீறல் பட்டவருக்கு மூன்றாம் நாளும் ஒரு போன்.

தோட்ட வேலைக்காரர்களில் பலரிடம் பகலில் சிக்னல் இருக்காது. அதனால் வீட்டு எண்ணையோ ஜீப் ஓட்டுகிறவரின் எண்ணையோ சேர்த்து வாங்கி வையுங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் கூலி, துணைக்கு ஆள் இல்லாமை, ஆபரேஷன் பயம் என்று ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும், அதற்கு ஏற்றபடி பேசலாம். அன்றைக்கே வேறு ஒருவரைத் தேனிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இருவரையும் சேர்த்து அனுப்புங்கள், துணையும் ஆச்சு, வண்டிச் செலவும் பாதியாகும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் சீட்டைக் கொண்டுவந்தால், டாக்டர் என்ன முடிவு செய்தார் என்பதை உங்கள் குறிப்புக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் வரைந்த படமும் அங்கே கண்டதும் எங்கே வேறுபடுகின்றன என்று உங்களிடம் வேலை பழகுகிற பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டுங்கள்.